முப்பத்தேழாம் நம்பர் கால்

சௌந்தர்யா தன் இருபத்தேழு வயதில் இந்தப் பக்கம் திருப்பத்தூரையும் அந்தப் பக்கம் வேலூரையும் தாண்டியதில்லை. அவளுடைய வலது கால் அப்படியில்லை. அது ஜெர்மனிக்குப் போயிருக்கிறது, இத்தாலிக்குப் போயிருக்கிறது, பெயரைச் சொன்னாலே நாக்கு சுளுக்கிக்கொள்ளும் குளிர் தேசங்களில் எல்லாம் பனியை மிதித்திருக்கிறது. பாஸ்போர்ட் கேட்ட ஆளில்லை.

விஷயம் இதுதான். ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியில் பெண்களுக்கான புது மாடல் எது வந்தாலும் முதலில் முப்பத்தேழாம் நம்பரில் ஒரே ஒரு ஜோடி தைப்பார்கள். அதை உயிருள்ள ஒரு காலில் மாட்டி, அந்தக் கால் ‘சரி’ என்று சொன்ன பிறகுதான் மற்ற நம்பர்களைக் கூட்டிக் குறைத்து வெட்ட ஆரம்பிப்பார்கள். அந்த உயிருள்ள கால் சௌந்தர்யாவுடையது. ஸ்டிச்சிங் லைனில் வியர்த்து ஊற்ற மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவளையும் மற்றப் பெண்களையும் ஒரு நாள் வரிசையாக நிறுத்தி அளந்தபோது, பிளாஸ்டிக் கால் அச்சுக்கும் அவள் காலுக்கும் நூலிழை வித்தியாசம்கூட இல்லை என்று தெரிந்தது. அச்சுக்குக் கம்பெனியில் லாஸ்ட் என்று பெயர். “உன்னப் பாத்து இந்த லாஸ்ட்ட செஞ்சாங்களா, இல்ல லாஸ்ட்டப் பாத்து உங்கம்மா உன்னப் பெத்தாங்களா?” என்று கேட்டார் சாம்பிள் ரூம் மாஸ்டர் வக்கார் அகமது. அன்றிலிருந்து அவள் பெயர் முப்பத்தேழு. லைனின் புழுக்கத்திலிருந்து சாம்பிள் ரூமின் ஏசிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனது அந்தக் கால்தான்.

“சாமி எல்லாருக்கும் அழக தலையிலதான் ஊத்துவாரு. எனக்கு ஊத்தறப்ப எங்கயும் நிக்காம நேரா பாதத்துக்கு எறங்கிடுச்சு” என்பாள் சௌந்தர்யா. சொல்லும்போது சிரிப்பாள். ஆனால் மஞ்சள் பூசிக் குளிக்கிற ஞாயிற்றுக்கிழமையில் முகத்துக்குப் பூசியதைவிடப் பாதத்துக்குப் பூசியது அதிகம்.

அவளுக்காவது கொஞ்சம் கூச்சம் உண்டு. மாமியார் சவுரியம்மாளுக்கு அதுவும் கிடையாது. மின்னூரில் ஞாயிற்றுப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் கூட்டம் கலைவதற்குள் யாரையாவது பிடித்து நிறுத்திவிடுவாள். “எம் மருமவ கால வச்சித்தான் வெள்ளக்காரிச்சிங்க நடக்கறாளுங்க, தெரியும் இல்ல?” இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதவர்கள் அந்தப் பங்கில் ஒருவரும் பாக்கியில்லை. ஆனாலும் கேட்பாள்.

அந்தக் காலுக்குத்தான் இப்போது ஆபத்து வந்தது. காரணம் வயிறு.

ஆறாம் மாதம் முடிகிற சமயம். முதல் மூன்று மாதம் வாந்தி எடுத்தே போயிற்று. அப்புறம் கொஞ்ச நாள் உடம்பு நல்ல பிள்ளையாக இருந்தது. அது ஏமாற்று வேலை என்று பிறகுதான் விளங்கியது. வயிறு முன்னால் போக, முதுகு பின்னால் இழுக்க, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சௌந்தர்யா வாத்து மாதிரி நடந்தாள். தொப்புளிலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. கட்டிங் செக்‌ஷனில் தோல்மேல் வெட்டுவதற்கு மார்க் போடுவார்களே, அதே மாதிரி நேர்த்தியான கோடு. அதைச் சுற்றி ஓயாத அரிப்பு. தேங்காய் எண்ணெய் தடவித் தடவிப் புடவையெல்லாம் பலகாரக் கடை வாசம் அடித்தது. பல் துலக்கினால் ஈறில் ரத்தம். மூக்கு எந்நேரமும் அடைப்பு, அதனால் குறட்டை. புருஷன் வசந்த் அதைப் போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டு, “கம்பெனி ஜெனரேட்டர் நம்ம ஊட்டுக்கே வந்துட்ச்சு” என்றான்.

வசந்துக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. டிரம்மில் ஊறுகிற தோலை இழுத்துப் போடுவான். வேலை விட்டு வந்ததும் வாசல் குழாயில் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் உள்ளே வர அனுமதி. கல்யாணமான புதிதில் அந்த வாடை அவளுக்குத் தெரியவே தெரியாது. இப்போது அவன் தெருமுனை திரும்பும்போதே தெரிந்துவிடுகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய அவமானம் பிரியாணி விஷயத்தில் நடந்தது. ஆசைப்பட்டுக் கேட்டாள் என்று வசந்த் கத்தரிக்காய்த் தொக்கோடு வாங்கி வந்தான். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

“இன்னாம்மா ஆச்சு?”

“எரியுதுப்பா. உங்க ஷாப்பு சுண்ணாம்புத் தொட்டி அப்படியே நெஞ்சுல எறங்கின மாதிரி இருக்குது.”

“ஆம்பூர்ல பொறந்தவளுக்கு பிரியாணி ஒத்துக்கலியா? வெளிய சொல்லாத, ஊர விட்டுத் தள்ளி வச்சிடுவாங்க.”

“எனக்கு ஒத்துக்குது. உம் புள்ளைக்குத்தான் ஒத்துக்கல. வயித்த மேல தள்ளுது பாரு, கை வை.”

அவன் கை வைத்தான். உள்ளேயிருந்து ஒரு உதை வந்தது. பிரியாணியை மறந்து இரண்டு பேரும் அடுத்த உதைக்குக் காத்திருந்தார்கள். சவுரியம்மாள் மீதிப் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “எனக்கு ஒத்துக்கும், நான் பாத்துக்கறேன்” என்றாள்.

இத்தனையையும் சௌந்தர்யா சிரித்தே தாண்டினாள். சிரிக்க முடியாமல் போனது கால் வீங்கத் தொடங்கியபோதுதான். காலையில் ஒழுங்காக இருக்கும். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கணுக்கால் எலும்பு மெல்லக் காணாமல் போகும். சாயங்காலம் கம்பெனி பஸ் ஏறும்போது அது காலாக இருக்காது. பேக்கரியில் உப்பி வந்த பன்னாக இருக்கும். விரலால் அமுக்கினால் குழி விழுந்து, சாவகாசமாக மேலே வரும்.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா பி.பி. பார்த்தாள், சிறுநீர் சோதித்தாள். “எல்லாம் சரியாத்தான் இருக்குது. இந்த மாசத்துல சாயங்காலம் கால் வீங்கறது சகஜம். தொங்கப் போட்டுக்கினே ஒக்காராத, ஒரே எடத்துல நிக்காத. இடது பக்கமா படு, கால் கீழ தலகாணி வையி. தண்ணி நல்லாக் குடி.”

“பாத்ரூம் போயிக்கினே இருக்கணுமேன்னு தண்ணிய கம்மி பண்ணிட்டேங்க.”

“அதான் தப்பு. போனா போவட்டும், குடி. ஆனா ஒண்ணு. காலைல எழுந்தும் வத்தலன்னா, மூஞ்சி, கையி வீங்கினா, மண்ட வலிச்சு கண்ணு மங்கினா, செக்கப் தேதி வரட்டும்னு இருக்காத. உடனே ஓடி வா.”

சகஜம் என்று நர்சம்மா சொல்லிவிட்டாள். முப்பத்தேழாம் நம்பர் என்று பெயர் வாங்கியவளுக்கு அதில் என்ன ஆறுதல்? கால் மாறிவிட்டது என்று தெரிந்தால் வேறு காலைத் தேடிக்கொள்வார்கள். இவள் மறுபடியும் லைனின் புழுக்கத்துக்கு, இந்த வயிற்றோடு, இந்த மே மாத வெயிலில். அதுவரை சுடிதார் போட்டுப் போனவள் திடீரென்று புடவைக்கு மாறினாள். தரையைக் கூட்டுகிற நீளத்துக்குக் கட்டினாள். கம்பெனியில் கேட்டவர்களுக்கு, “மாசமானதும் பக்தி வந்துட்ச்சு” என்று பதில் சொன்னாள்.

கொஞ்ச நாள் அது ஓடியது. ஏனென்றால் வக்கார் மாஸ்டர் எப்போதும் காலையில்தான் ட்ரையல் வைப்பார். வெயிலும் வேலையும் ஏறிய பிறகு எவர் காலும் உண்மை பேசாது என்பது அவர் கட்சி. அந்த ட்ரையலுக்கு ஒரு முறை உண்டு. மாஸ்டர் பெண்கள் காலைத் தொடமாட்டார். நாலு முழம் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். செக்கிங்கில் இருக்கும் முனவ்வர் பேகம் கீழே உட்கார்ந்து ஷூவை மாட்டி, கட்டைவிரலால் அங்கங்கே அமுக்கி, எங்கே இடம் இருக்கிறது, எங்கே பிடிக்கிறது என்று சொல்வாள். முனவ்வரின் விரலும் சௌந்தர்யாவின் வாயும் சொல்வதைத்தான் மாஸ்டரின் கண் நம்பும்.

அந்த வியாழக்கிழமை தோல் வரத் தாமதமாகி, சாம்பிள் தைத்து முடிக்கவே சாயங்காலமாகிவிட்டது. கறுப்பு நிறத்தில், முன்பக்கம் மூடிய ஷூ. “நாளைக்கு கட்டிங் ஆரம்பிக்கணும். இப்பவே பாத்துடலாம். முப்பத்தேழக் கூப்பிடு” என்றார் மாஸ்டர்.

ட்ரையலுக்கு முன்னால் மெட்டியைக் கழற்ற வேண்டும். பாத்ரூமில் சோப்பு நுரை போட்டுத் திருகினாள். இடது கால் மெட்டி வந்துவிட்டது. வலது கால் மெட்டி விரலோடு கல்யாணம் செய்துகொண்டது போல உட்கார்ந்திருந்தது. நேரமாகிவிட்டதென்று குரல் வரவும், அப்படியே மேலே காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

ஷூவுக்குள் கால் போனதும் கட்டைவிரல் மூட்டில் சுள்ளென்று கடித்தது.

“எப்படி இருக்குது?” என்றார் மாஸ்டர்.

“சரியா இருக்குது மாஸ்டர்.”

முனவ்வரின் கட்டைவிரல் அந்த மூட்டின் மேல் வந்து நின்றது. அமுக்கியது. இன்னொரு தடவை அமுக்கியது. முனவ்வர் நிமிர்ந்து சௌந்தர்யாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் மாஸ்டர் பக்கம் திரும்பாமலேயே, “இடம் இருக்குது மாஸ்டர்” என்றாள்.

“நடந்து காட்டு.”

சௌந்தர்யா நடந்தாள். கல்யாண மேடையில்கூட அவ்வளவு நேரம் சிரித்த முகமாக நின்றதில்லை. உள்ளே குழந்தை ஒரு புரளல் புரண்டது. அதற்காவது உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

“ஓகே. நாளைக்கு கட்டிங் போட்டுடலாம்” என்றார் மாஸ்டர்.

பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வாணியம்பாடி ரோட்டுத் திருப்பம்வரை முனவ்வர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“அக்கா, இன்னா உம்முனு வர்ற?”

“அல்லாவுக்குப் பதில் சொல்லணுமேன்னு வர்றேன். கடிச்சுதா இல்லியா?”

“கடிச்சுது.”

“வீங்கிட்ச்சு பாவம், மாஸ்டருக்குத் தெரிஞ்சா லைனுக்கு அனுப்பிடுவாருன்னு நானும் பொய் சொன்னேன். ஆனா ஒண்ணு சொல்லட்டுமா?” முனவ்வர் தன் கட்டைவிரலையே ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். “உன் கால் மேல மெத்து மெத்துன்னு இருந்துது. அது வீக்கம். அமுக்கினா அமுங்குது. அந்த மூட்டுகிட்ட மட்டும் அமுங்கலடி. உள்ள எதுவோ கட்டி மாதிரி இருந்துது.”

“மெட்டி கழலலக்கா. அதோடதான் மாட்டிக்கினேன்.”

“மெட்டி பக்கத்து விரல்ல இல்ல இருக்குது? இது மூட்டு.”

“அப்ப ஷூவுலதான் தப்பா?”

“இருக்கலாம். இல்ல, உன் காலாவே இருக்கலாம். எனக்கு இன்னா தெரியும். மூணும் ஒண்ணா உள்ள பூந்துக்கினு பேஜார் பண்ணுது.”

வீட்டுக்கு வந்ததும் சௌந்தர்யா கட்டிலில் மல்லாந்து காலை நீட்டினாள். மாமியார் ராகிக் கூழ் கொண்டு வந்தவள், புடவை விலகிய காலைப் பார்த்து அப்படியே நின்றாள்.

“ஆண்டவரே! இது இன்னாடி, ஆனக்கால் கணக்கா?”

அப்புறம் மறைப்பதில் அர்த்தமில்லை. ட்ரையலில் நடந்ததெல்லாம் வெளியே வந்தது. வாசலில் குளித்துக்கொண்டிருந்த வசந்த், தலையில் நுரையோடு உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டான்.

“நாளைக்குப் போயி மாஸ்டர்கிட்ட சொல்லிட்றேன் அத்த” என்றாள் சௌந்தர்யா.

“இன்னான்னு சொல்வ? என் காலு போச்சு, வேற கால் பாத்துக்கோங்கன்னா? முனவ்வரு சரின்னுட்டா, மாஸ்டரு சரின்னுட்டாரு. உனக்கு இன்னாத்துக்கு வம்பு? அப்புறம் கோயில்ல நான் எந்த மூஞ்ச வச்சிக்கினு நிக்கறது?”

“உன் மூஞ்சிக்கு இன்னாம்மா, வீங்கினது அவ காலு” என்றான் வசந்த்.

“நீ போயி நொரையக் கழுவுடா.”

சௌந்தர்யா இடது பக்கமாகப் புரண்டு படுத்தாள். ஒரு கையை ஊன்றி, வயிற்றைத் தூக்கி நகர்த்தி வைத்து, அப்புறம் இடுப்பைத் திருப்பி. லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி ஒரு புரளல்.

“அத்த, நான் சரின்னு சொன்ன அளவுலதான் லைன் முழுக்க வெட்டப் போறாங்க. ஷூவுலயே தப்பு இருந்தா, வாங்கிப் போட்டவ ஒவ்வொருத்தி காலையும் அது கடிக்கும். அவ யாரத் திட்டுவா? மாஸ்டரையா? அவருதான் யாருன்னே தெரியாதே. எந்தக் காலுல பாத்துட்டு இத செஞ்சாங்களோன்னு திட்டுவா. அது நான்தான்.”

சவுரியம்மாள் கூழ்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். மருமகளின் கால் லைனுக்குப் போவதை அவளால் தாங்கிக்கொள்ள முடியும்போலிருந்தது. வெள்ளைக்காரிகளிடம் திட்டு வாங்குவதைத் தாங்கிக்கொள்ள முடியாது.

“அப்போ காலைல வத்தினதும் பாரு. கம்பெனில பழய ஷூ ஒண்ணு குட்த்தாங்களே, அதே நம்பரு. அது நல்லாப் பூந்து, புதுசு பூரலன்னா, ஷூவுலதான் கோளாறு. அதுக்கு மொதல்ல இந்த மெட்டிய எடுக்கணும். ஐயோ, மாசமா இருக்கறவ மெட்டியக் கழட்டலாமா?”

“நீயே எடுக்கணும்னு சொல்ற, நீயே ஐயோங்கற” என்றான் வசந்த்.

“ரெண்டையும் நான்தாண்டா சொல்லணும். வேற யாரு இருக்கா இந்த ஊட்ல?”

வசந்த் அவள் கைப்பையிலிருந்து தையல் நைலான் நூலை எடுத்தான். நூலின் ஒரு முனையை மெட்டிக்கு அடியில் நுழைத்து, விரல் நுனிவரை நெருக்கமாகச் சுற்றினான். எண்ணெய் தடவி, அடியில் நுழைத்த முனையைப் பிடித்து மெல்லப் பிரிக்கப் பிரிக்க, மெட்டி திருகாணிபோல ஒவ்வொரு சுற்றாக நகர்ந்து வந்தது. சௌந்தர்யா அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். சவுரியம்மாள் பக்கத்தில் முழங்கால் போட்டு மங்கள வார்த்தை ஜெபத்தைச் சத்தமாகச் சொன்னாள்.

“அம்மா, பிரசவத்துக்கு இன்னும் மாசம் இருக்குதும்மா. ஜெபத்த எல்லாம் இப்பவே தீத்துடாத.”

மெட்டி டக்கென்று தெறித்துக் கட்டிலுக்கடியில் உருண்டது. மாமியார் அதைத் தேடி எடுத்து, கண்ணில் ஒற்றி, மஞ்சள் கயிற்றில் கோத்து மருமகளின் கழுத்தில் மாட்டினாள். “எங்க இருந்தா இன்னா, உடம்புமேல இருக்குது இல்ல? ஆண்டவருக்குத் தெரியும்.”

வீட்டிலிருந்த தலையணை எல்லாம் அன்று சௌந்தர்யாவுக்குப் போயிற்று. காலுக்கு இரண்டு, முட்டிக்கு நடுவில் ஒன்று, வயிற்றுக்கு அண்டக் கொடுக்க ஒன்று. வசந்த் கைலியைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டான்.

விடியும்போது கெண்டைக்கால் நரம்பு சுருட்டிக்கொண்டு அவளை எழுப்பியது. வசந்த் பழக்கத்தில் கண்ணைத் திறக்காமலேயே எழுந்து, அவள் கால் விரல்களைப் பிடித்து முழங்காலை நோக்கி மடக்கினான். வலி விட்டதும் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது. விளக்கைப் போட்டார்கள்.

கணுக்கால் எலும்பு திரும்பி வந்திருந்தது.

பழைய ஷூவை எடுத்து மாட்டிப் பார்த்தாள். கொஞ்சம் கச்சிதம்தான், முன்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போகவில்லை. ஆனால் எங்கும் கடிக்கவில்லை.

“வீக்கம் போச்சு. இனிமே ஒரு நிமிஷம்கூட தொங்கப் போடாத” என்றாள் சவுரியம்மாள். “வசந்து, இவளத் தூக்கிக்கினு போயி பஸ்ல ஏத்து.”

“இன்னாது, தூக்கறதா?”

“டிரம்முல தோல் தூக்கற இல்ல?”

“ஈரத்தோல்கூட இவ்ளோ வெய்ட்டு இருக்காதும்மா” என்றவன் முதுகில் ஒரு அடி விழுந்தது. அடித்தவள் மனைவியா அம்மாவா என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

தூக்கவில்லை, கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனான். எதுவும் காலை அழுத்தக் கூடாதென்று, அவனுடைய ஒன்பதாம் நம்பர் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, பக்தி எல்லாம் விட்டுப் பழையபடி சுடிதாரில், கணுக்கால் தெரிய, சௌந்தர்யா பஸ் ஏறினாள். முனவ்வரிடம் விஷயத்தைச் சொன்னாள். முனவ்வர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. கடைசி நீள சீட்டில் இருந்தவர்களை எழுப்பி, சௌந்தர்யாவைச் சாய்த்து உட்கார வைத்து, இரண்டு காலையும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதுவும் போதாதென்று பக்கத்தில் நின்றவர்களின் டிபன் பைகளை வாங்கி மடிமேல் அடுக்கிக் காலை இன்னும் உயர்த்தினாள்.

“இன்னாக்கா, மாதா தேர் மாதிரி தூக்கிக்கினு போறீங்க?” என்றது முன் சீட்டிலிருந்து ஒரு குரல்.

“முப்பத்தேழு போவுது, வழி வுடு” என்றாள் முனவ்வர்.

பிறகு பஸ் முழுக்க இதே பேச்சு. ஒருத்திக்கு ஏழாம் மாதத்தில் வளையலே ஏறாமல் போனதாம். இன்னொருத்திக்குப் பிள்ளை பெற்ற பிறகும் கால் ஒரு நம்பர் பெரிதாகவே நின்றுவிட்டதாம். பழைய செருப்பையெல்லாம் நாத்தனாருக்குக் கொடுத்தாளாம், அந்த வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கிறதாம். இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து காலுக்கான சாமான் தைத்தவர்கள், ஒருத்தியிடம் ஒருத்தி காலைப் பற்றிப் பேசியது அன்றுதான். சௌந்தர்யா டிபன் பைகளின் உச்சியில் தன் பாதங்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே போனாள். மறைக்கத் தோன்றவில்லை.

சாம்பிள் ரூமில் மாஸ்டர் அப்போதுதான் கறுப்பு ஷூவைக் கட்டிங்குக்கு அனுப்பக் கையில் எடுத்திருந்தார்.

“மாஸ்டர், இன்னொரு தபா போட்டுப் பாக்கணும்.”

“நேத்தே ஓகே ஆச்சே?”

“ஆச்சு மாஸ்டர். போட்டுப் பாத்துட்டு சொல்றேன், அப்புறம் திட்டுங்க.”

மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முனவ்வர் கீழே உட்கார்ந்து மாட்டினாள். அதே இடத்தில், அதே மூட்டில், சுள்.

“கடிக்குது” என்றாள் சௌந்தர்யா. “நேத்தும் கடிச்சுது. எனக்கு சாயங்காலமானா கால் வீங்குது மாஸ்டர். அதனாலதான் கடிக்குதுன்னு நெனச்சி, வெளிய தெரியக் கூடாதுன்னு சரியா இருக்குதுன்னு சொன்னேன். இப்ப வீக்கம் இல்ல, மெட்டியும் இல்ல. அப்பயும் கடிக்குது.”

“நீயுமா முனவ்வர்?”

முனவ்வர் தலையைக் குனிந்துகொண்டாள். “நானும்தான் மாஸ்டர்.”

வக்கார் அகமதுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். குரல் இன்னும் இறங்கும். “அரே, லாஸ்ட்டுக்கு வாய் கிடையாது. வாய் இருக்கற லாஸ்ட் வேணும்னுதானே உன்ன இங்க உக்கார வச்சேன்? அந்த வாயால பொய் சொன்னா, நான் பிளாஸ்டிக்கையே வச்சிக்க மாட்டனா?”

சௌந்தர்யாவுக்குக் கண் நிறைந்தது. இப்போதெல்லாம் விளம்பரத்தில் நாய்க்குட்டியைப் பார்த்தாலும் நிறைகிறது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். துடைத்துக்கொள்ளவில்லை, நகரவும் இல்லை.

மாஸ்டர் லைனிலிருந்து நந்தினியை வரச் சொன்னார். போன மாதம் சேர்ந்த பெண்; அவளுக்கும் முப்பத்தேழு என்று பதிவு இருந்தது. மாட்டியதும் முகத்தைச் சுளித்தாள். “மூட்டுல குத்துதுங்க” என்றாள்.

மாஸ்டர் கத்தியை எடுத்து ஷூவைப் பிளந்தார். உள்துணி இரண்டு துண்டாக வந்து, ஒட்டுப் போட்ட இடம் தடித்து, சரியாகக் கட்டைவிரல் மூட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. வெளியே பார்த்தால் தெரியாது. காலுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் அந்தத் தையலை நகத்தால் நெருடிப் பார்த்தார். கட்டிங்குக்குப் போன் செய்து நிறுத்தச் சொன்னார். பிறகு இரண்டு பெண்களின் காலையும் லாஸ்ட்டின் பக்கத்தில் வைத்து டேப்பால் அளக்கச் சொன்னார். முனவ்வர் அளந்தாள். நந்தினி முப்பத்தேழு. சௌந்தர்யா, வீக்கம் வடிந்த காலையிலும், முப்பத்தேழைத் தாண்டியிருந்தாள்.

“இனிமே ட்ரையலுக்கு நந்தினி” என்றார் மாஸ்டர். சொல்லும்போது சௌந்தர்யாவைப் பார்க்கவில்லை. “நீ லைனுக்குப் போக வேணாம். இங்கயே முனவ்வர்கூட செக்கிங்ல உக்காரு. டெலிவரி முடிஞ்சு வர்றப்ப கால் எந்த நம்பர்ல வருதோ, அப்ப பாக்கலாம்.”

“எந்த நம்பர்ல வந்தாலும் என் கால்தான் மாஸ்டர்” என்றாள் சௌந்தர்யா. “செக்கிங்ல உக்கார்றேன். ஆனா முதுகு சாயற மாதிரி நாற்காலி வேணும். கால் நீட்ட ஒரு ஸ்டூல் வேணும். நடுவுல நடுவுல எழுந்து நடப்பேன். பாத்ரூம் போறத யாரும் கேக்கக் கூடாது.”

மாஸ்டர் இப்போது அவளைப் பார்த்தார். தன் மேஜைக்குப் போய்த் தான் உட்காரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து போட்டார். ஸ்டூலுக்குப் பழைய லாஸ்ட் பெட்டி ஒன்றைக் கவிழ்த்தார். அவள் உட்கார்ந்து காலை நீட்டியதும், வழக்கம்போல நாலு முழம் தள்ளி நின்றுகொண்டு, பார்க்கக் கூடாததைப் பார்ப்பதுபோல அந்தக் கால்களைப் பார்த்தார்.

“முனவ்வர், வெள்ளைப் பேப்பர் எடு. இந்தக் காலையும் வரைஞ்சு வை.”

“எதுக்கு மாஸ்டர்?” என்றாள் சௌந்தர்யா.

“இத்தன வருஷமா லேடீஸ் ஷூ போடறோம். மாசமா இருக்கறவங்க கால ஒரு தடவகூட அளந்ததில்ல. என் வீட்ல நாலு பெத்தாங்க. அந்த மாசமெல்லாம் இன்னா போட்டுக்கினு நடந்தாங்கன்னு எனக்குத் தெரியாது.” பென்சிலை எடுத்து முனவ்வரிடம் நீட்டினார். “ஆர்டர் வருமோ வராதோ. அளவு இருக்கட்டும்.”

முனவ்வர் பேப்பரை விரித்துப் பென்சிலோடு கீழே உட்கார்ந்துவிட்டாள். சௌந்தர்யா எழுந்திருக்கவில்லை.

“இப்ப வேணாம் மாஸ்டர். இப்ப வத்திப்போயி இருக்குது. சாயங்காலம் வரைங்க. அப்பதான் முழுசா இருக்கும்.”

சாயங்காலம் பெல் அடித்த பிறகு பஸ் ஏறப் போக வேண்டிய பெண்கள் எல்லாம் சாம்பிள் ரூம் வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நந்தினி முன்னால் குந்தியிருந்தாள். சௌந்தர்யா வெள்ளைத் தாளின் நடுவில் ஏறி நின்றாள். அன்றைய வெயில், வேலை, குடித்த தண்ணீர் எல்லாம் சேர்ந்து கால் அதன் பூரண அலங்காரத்தில் இருந்தது. குனிந்து பார்த்தால் வயிறுதான் தெரிந்தது, பாதம் தெரியவில்லை. பரவாயில்லை, மற்ற எல்லாருக்கும் தெரிந்தது.

முனவ்வர் குதிகாலில் பென்சிலை வைத்து, ஓரமாகக் கோடு இழுத்துக்கொண்டு வந்தாள். சுண்டுவிரல் திருப்பத்தில் பென்சில் சறுக்கியது.

“அசையாம நில்லுடி” என்றாள்.

சௌந்தர்யா இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, கூட்டத்துக்கு எல்லாம் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“நான் அசையலக்கா. உள்ள இருக்கறது, எந்த நம்பரு வந்திருக்குதுன்னு எட்டிப் பாக்குது.”